மூடும் பக்கத்துச் சுரங்கள்

சுவிஸ் மலைப்பள்ளத்தாக்கான எங்கடினுக்கு ஏறும் சிவப்பு ரயிலில் நான் பெட்டியை மேல் தட்டில் வைப்பதில்லை. மடியில்தான். சுரங்கப்பாதைக்குள் ரயில் நுழைந்ததும் காது அடைக்கும், கண்ணாடியில் என் முகம் வரும், முகத்துக்குக் கீழே பெட்டியின் மேல் இரண்டு கைகள் கிடக்கும். போன மார்கழியில் அப்படிப் பார்த்துக்கொண்டு போனபோது இடது கைக்குப் பக்கத்தில் இருக்கவே எனக்குப் பயமாக இருந்தது. என் கைதான். ஆனாலும் அடுத்த இருக்கையில் முன்பின் தெரியாத ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு வருவதுபோல அது வந்துகொண்டிருந்தது. நித்திரையா, பாசாங்கா, எப்போது எழும்புவார், எழும்பினால் என்ன செய்வார்?

பெட்டிக்குள் இருந்தது பாண்டோனியோன். ஆர்மோனியம் பார்த்தவர்களுக்குச் சொல்வது சுலபம்: அதன் தூரத்துச் சொந்தம். இரண்டு சதுர மரப்பெட்டிகள், இரண்டிலும் பொத்தான்கள், நடுவில் மடிப்பு மடிப்பாக நீளும் துருத்தி. மடியில் வைத்து இரண்டு கையாலும் இழுத்துத் திறக்கவேண்டும், பிறகு அமத்தி மூடவேண்டும். டாங்கோ என்ற நடன இசைக்கு இதுதான் தொண்டை. கொடுமை என்னவென்றால், ஒரே பொத்தான் திறக்கும்போது ஒரு சுரமும் மூடும்போது வேறொரு சுரமும் தரும். அதில் ஓர் ஒழுங்கும் இல்லை. செய்தவன் காய்ச்சலில் கண்ட கனவை அப்படியே பொத்தான்களாக நட்டுவிட்டுப் போயிருக்கிறான். வலது கைக்கு இரண்டு, இடது கைக்கு இரண்டு என்று நான்கு வாத்தியங்களைத் தனித்தனியாகப் படிக்கவேண்டும்.

எனக்கு அது இன்னும் கடினம். மன்னாரில் மாதா கோயிலில் பூசைக்கு ஆர்மோனியம் வாசித்து வளர்ந்தவள் நான். ஆர்மோனியத்தில் இடது கை காற்றுக்கு, வலது கை பாட்டுக்கு. துருத்தி போனாலென்ன, வந்தாலென்ன, அமத்திய கட்டை அதே சுரத்தைத்தான் தரும். சண்டைக் காலத்தில் ஹெலிகொப்டர் சத்தம் கேட்டால் பாடுகிற பிள்ளைகள் வாங்குகளுக்கு அடியில் படுத்துவிடுவார்கள். எனக்கு எழும்ப வராது. வலது கை கட்டைகளை விட்டுவிடும்; இடது கை மட்டும் துருத்தியை ஆட்டிக்கொண்டே இருக்கும். பாட்டில்லாமல் காற்று உஸ் உஸ் என்று போய்வரும். பயம் முதலில் வந்து குடியேறியது அந்தக் கையில்தான் என்று நினைக்கிறேன்.

சுவிஸுக்கு வந்து பாண்டோனியோன் படிக்கத் தொடங்கியபோது வேறு எந்த மாணவரும் விடாத பிழையை நான் விட்டேன். பயந்தால் என் கை ஆர்மோனியத்துக்குத் திரும்பிவிடும். துருத்தி மூடத் தொடங்கிய பிறகும் விரல் பழைய பொத்தானிலேயே நிற்கும். அங்கிருந்து வேறு யாருடையதோ ஒரு சுரம் எழும்பும்.

பாண்டோனியோனை முதலில் கேட்டது சூரிச்சில், லாங்ஸ்ட்ராஸ பக்கம் ஒரு நடனக்கூடத்தைத் துப்புரவாக்கும் வேலையில் இருந்த காலத்தில். கதிரைகளை மேசைகளின் மேல் கவிழ்த்துக்கொண்டிருந்தேன். மூலையில் யாரோ ஒத்திகை பார்த்தார்கள். தும்புத்தடியைச் சுவரில் சாத்திவிட்டு நின்றேன். அழகாக இருந்தது என்று சொன்னால் பொய். பயமாக இருந்தது. ஒருவர் மூச்சை உள்ளே இழுத்து, விடாமல் வைத்திருந்து, எல்லாரும் பார்க்க மெல்ல விடுவதுபோல. அந்தப் பயத்துக்குப் பின்னாலேயே போனேன். மாலை வகுப்பு, வாடகை வாத்தியம், சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு பயிற்சி, முதல் நடன மாலை, முதல் கலியாணவீடு, ஒரு சுவிஸ்காரரின் செத்தவீடு. பீல் நகரில் கடிகாரத் தொழிற்சாலையில் அரைநாள், மிச்ச நாள் பாண்டோனியோன் என்று வருடங்கள் ஓடின. போன வருடம், பியானோவும் வயலினும் நானுமாக மூவர் வாசிக்கும் எங்கள் குழுவுக்கு எங்கடினில் ஒரு ஹோட்டலில் முழுக் குளிர்கால சீசனும் கிடைத்தது. திங்கள் தவிரத் தினமும் பின்னேரம் தேநீர் நடனம். ஐம்பதை எட்டிப் பார்க்கிற வயதில், கைகளை மட்டும் நம்பி, தொழிற்சாலையை விடுகிறேன் என்று சொன்னேன்.

சொன்ன கையோடு விரல் மடங்கத் தொடங்கியது.

இடது கை மோதிர விரல். துருத்தியை மூடும்போது மட்டும், நான் சொல்லாமலே, உள்ளங்கையை நோக்கிச் சுருண்டது. நோவில்லை. நொந்திருந்தால் எண்ணெய் போட்டு உருவியிருப்பேன், பயந்திருக்கமாட்டேன். தொட்ட நத்தை ஓட்டுக்குள் போவதுபோல அவ்வளவு அடக்கமாக உள்ளே போனது. துருத்தியைத் திறந்தால் நிமிர்ந்துவிடும். தேங்காய் துருவும்போது ஒழுங்காக நின்றது. தொழிற்சாலையில் கடைசிக் கிழமைகளில், இடுக்கியால் மணிக்கூட்டு முள்ளைத் தூக்கி வைக்கும்போது, அதைவிட நல்ல பிள்ளை கிடையாது. கைபேசியில் தேடினேன். சில வாத்தியக்காரரின் மூளைக்குள் விரல்கள் ஒன்றோடொன்று கலங்கிவிடுமாம். பலர் வாசிப்பதையே விட்டுவிட்டார்களாம். கைபேசியைக் குப்புற வைத்தேன். பிறகு அதற்கு மேல் ஒரு துவாயைப் போட்டேன்.

அக்கா என் வீட்டுக்குப் பின்வீதியில் இருக்கிறாள். முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை. டாங்கோவில் அவளுக்கு ஓர் ஈடுபாடும் இல்லை. நான் வாசிக்கும்போது வந்தால் சமையலறைக்குப் போய்ச் சட்டி மூடிகளைத் திறந்து பார்ப்பாள்.

“என்னடி, கொஞ்ச நாளா உன்ர பெட்டி மூச்சு வாங்குது? ஆஸ்துமாவோ?”

“வெதர் மாறுதெல்லே அக்கா.”

“பெட்டிக்கோ உனக்கோ?”

“பெட்டிக்குத்தான்.”

“பெட்டிக்கெண்டா இன்சூரன்ஸ்காரன் தரமாட்டான். உனக்கெண்டாச் சொல்லு, டெர்மின் எடுத்துத் தாறன்.”

டெர்மின் என்றால் மருத்துவரிடம் நேரம் வாங்குவது. இந்த நாட்டில் எங்கள் ஆட்கள் முதலில் படித்த சொல் அதுவாகத்தான் இருக்கும். நான் சிரித்துச் சமாளித்தேன். மருத்துவர் ‘இனி வாசிக்காதே’ என்று சொல்லிவிட்டால்? சொல்லாதவரைக்கும் நான் வாத்தியக்காரி.

பெட்டி மூச்சு வாங்கியது உண்மை. வலது கட்டைவிரலுக்குக் கிட்ட ஒரு சின்னப் பிடி உண்டு. அதை அமத்தினால் உள்ளே காற்றுக்கதவு திறக்கும்; எந்தச் சுரமும் ஒலிக்காமல் துருத்தியை ஒரே அமுக்கில் மூடிவிடலாம். திறக்கும்போது வரும் ஒலிக்குப் பலம் கூட. அதனால் டாங்கோக்காரர் பலர் திறந்து வாசித்துவிட்டு, மூடுவதை இந்தப் பிடியால் முடிப்பார்கள். நானும் எல்லாவற்றையும் திறந்தே வாசிக்கிறவளாக மாறினேன். யாருக்குச் சந்தேகம் வரும்? எங்கள் பாட்டுகள் முழுவதையும் திறக்கும் பக்கத்துக்கு மாற்றிப் படித்தேன். நீளமாகத் திறப்பேன், உஸ் என்று மூடுவேன், திரும்பத் திறப்பேன். மூடும் பக்கத்துச் சுரங்கள் எனக்குள் பூட்டிய அறையாகின. இரண்டு கைக்கும்தான்.

அப்படித்தான் மார்கழியில் மேலே போனேன்.

மேலே காற்று வறண்டது. ஹோட்டலின் சூடாக்கி அதை இன்னும் வறட்டும். மரம் சுருங்கி, தோல் விறைத்து, பெட்டி எங்கேயாவது காற்றைக் கசியவிடும். சவர்க்காரப் பெட்டி ஒன்றில் ஓட்டை போட்டு, ஈரப் பஞ்சை அதற்குள் வைத்து, வாத்தியத்துக்குப் பக்கத்தில் வைத்து மூடுவேன். பஞ்சு காய்ந்ததா என்று பார்க்க அடிக்கடி அறைக்கு ஓடுவேன். மத்தியானச் சாப்பாட்டைப் பாதியில் விட்டும் ஓடுவேன். நடன மண்டபத்துப் பெரிய கண்ணாடிகளுக்கு அப்பால் ஏரி உறைந்து கிடந்தது. சனங்கள் நாய்களோடும் பிள்ளைகளோடும் அதன்மேல் நடந்து திரிந்தார்கள். கீழே தண்ணீர் என்று தெரிந்துகொண்டு எப்படித்தான் நடக்கிறார்களோ? எனக்குக் கால் கூசும்.

குழுவை நடத்துகிறவள் பியானோ வாசிக்கும் பெண். என் வயதுதான், கிராமத்து ஆள், கோபம் வந்தால் சத்தம் குறைகிறவள். அவள் கதைப்பது சுவிஸ் ஜெர்மன். ஆனால் எத்தனையோ வருடப் பழக்கத்தில் அவள் பேச்சு எனக்குள் எங்கள் தமிழாகவேதான் கேட்கும், அப்படியே எழுதுகிறேன்.

“நீ ஏன் இப்ப மூடி வாசிக்கிறதே இல்லை?” என்றாள் ஒரு நாள், ஒத்திகை முடிந்ததும்.

“திறந்தாச் சத்தம் நல்லம்.”

“நல்லம்தான். ஆனா ஒவ்வொரு வசனத்துக்கும் கத்திப்போட்டு மூச்சு வாங்கிற ஆளோட கதைக்கிற மாதிரிக் கிடக்கு. அந்தக் கடைசிப் பாட்டைப் பார். அதின்ர முடிவு மூடிக்கொண்டு போகவேணும், சன்னமா. நீ திறந்து முடிச்சா, ஏதோ கேள்வி கேட்டுட்டுப் பதிலுக்கு நிக்கிற மாதிரிக் கிடக்கு.”

“நாளைக்கு மூடிப் பாக்கிறன்.”

நாளைக்கும் திறந்தேன். அதற்கு அடுத்த நாளும்.

தை முடிவதற்குள், உயிர்த்த ஞாயிறு வரை யார் யார் வாசிப்பது என்று அவள் ஹோட்டலுக்கு உறுதி சொல்லவேண்டும். லூசேர்னில் ஒரு பொடியன் பாண்டோனியோனைப் பிய்த்து உதறுகிறான் என்று வயலின்காரன் சாப்பாட்டு மேசையில் சொன்னான். சாதாரணமாகத்தான் சொன்னான், வெண்ணெயை எடுத்துத் தாருங்கள் என்பதுபோல. அவள் ரொட்டியைப் பிய்த்தாள். அன்றிலிருந்து அவர்கள் இருவரும் எங்கே சேர்ந்து நின்றாலும் என்ன கதைக்கிறார்கள் என்று காது கொடுப்பேன்.

அந்தக் கிழமையில்தான் அக்கா, லீவு கிடைச்சிருக்கு, வாறன் என்று அறிவித்தாள். வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணமும் அகப்படவில்லை. யாரிடமோ இரவல் வாங்கிய பெரிய சப்பாத்துகளோடும் பொரித்த ரோல்ஸ் ஒரு டப்பாவோடும் ஸ்டேஷனில் இறங்கி, மலையை மேலும் கீழும் பார்த்தாள்.

“இவ்வளவு பனியையும் ஆர் கூட்டுறது?”

“மெஷின் இருக்கு அக்கா.”

“நல்ல காலம். இல்லாட்டி எங்கட ஆக்களைத்தான் பிடிச்சு விட்டிருப்பாங்கள்.”

நான் சிரிக்கவில்லை. அவள் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, சாப்பிட்டியோ என்று மட்டும் கேட்டாள்.

பின்னேரம் மண்டபத்தில் ஒரு தூணுக்குப் பக்கத்தில் இருந்தாள். கோட்டைக் கழற்றவில்லை. கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, மருத்துவரின் வாசலில் காத்திருப்பவளைப்போல. நடனமாட நாலைந்து சோடிகள் எழும்பின. ஒருவர் கைபேசியை உயர்த்திப் படம் பிடித்தார். எனக்குக் கழுத்து வேர்த்தது.

மூன்றாவது பாட்டின் நடுவில் துருத்தியை முழுவதுமாகத் திறந்திருந்தேன். வழக்கம்போலக் கட்டைவிரலால் பிடியை அமத்தினேன். உள்ளே எதுவோ டிக் என்றது. பிடி தொளதொளவென்று போய்வந்தது, காற்றுக்கதவு அசையவில்லை. இரண்டையும் இணைக்கும் கம்பி அறுந்துவிட்டது. மாதக்கணக்காக அந்தப் பிடியை மட்டும் நம்பி வாசித்திருக்கிறேன், அந்தச் சின்னக் கம்பி எவ்வளவைத்தான் தாங்கும்? முழங்காலுக்கு மேலே துருத்தி நீட்டின நீளத்தில் கிடந்தது. இனி இழுக்க இடமில்லை. சுரத்தோடு மூடுவதைத் தவிர வேறு வழியில்லை.

மூடினேன். வலது விரல் திறந்தபோது இருந்த பொத்தானிலேயே நின்றது. ஆர்மோனியப் பிழை, அத்தனை வருடத்துக்குப் பிறகும் அதே பிழை. பாட்டுக்குள் அந்நியச் சுரம் ஒன்று எழும்பி நின்றது. அதே நேரம் இடது மோதிர விரல் சுருண்டு, போகிற போக்கில் ஒரு பொத்தானை இழுத்துக்கொண்டு போக, அடியிலிருந்து ஓர் உறுமல். ஆடிக்கொண்டிருந்த ஒரு மனிதர் திரும்பிப் பார்த்தார்.

இடது விரல்களையெல்லாம் பொத்தான்களிலிருந்து தூக்கினேன். கை மட்டும் துருத்தியைத் தள்ளிக்கொண்டிருந்தது. பியானோக்காரி என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் நான் விட்ட பிழைச் சுரத்தைத் தன் வலது கையில் எடுத்து, பாட்டிலேயே அது இருந்ததுபோல இன்னும் இரண்டு தரம் தொட்டு, மெல்லச் சரியான இடத்துக்குக் கூட்டிவந்துவிட்டாள். எனக்குப் பயம் கூடியது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள். அவளுக்குப் பின்னால் வலது விரல்கள் அந்தப் பூட்டிய அறைக்குள் தடவித் தடவிப் போயின. ஒரு பொத்தான் இருந்தது. அடுத்தது இருந்தது. அதற்கு அடுத்ததை விட்டுவிட்டு ஓடினேன். எப்படியோ பாட்டு முடிந்தது.

இடைவேளையில் கோட்டுகள் தொங்கும் பின்னறைக்குப் போனோம். வயலின்காரன் என் பெட்டியின் பக்கத்தைக் கழற்றி, தன் பழைய வயலின் தந்தி ஒன்றை வெட்டி, அறுந்த இடத்தை முடிச்சுப் போட்டுக் கட்டத் தொடங்கினான். பியானோக்காரி எனக்கு முன்னால் வந்து நின்றாள். சத்தம் நன்றாகக் குறைந்திருந்தது.

“எவ்வளவு நாளா?”

“இப்பதான் அறுந்தது.”

“கம்பியைக் கேக்கேல்லை. விரலைக் கேக்கிறன்.”

கண்ணை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. வயலின்காரனின் முடிச்சைப் பார்த்தேன். “கோடையில இருந்து,” என்றேன்.

“எனக்குக் கார்த்திகையில இருந்து தெரியும். நீயாச் சொல்லுவாய் எண்டு பாத்தன். நானாக் கேட்டா, இல்லையெண்டு சொல்லிப்போட்டு நீ போயிடுவாயோ எண்டு பயம்.”

அவளுக்குமா பயம்? அது எனக்கு ஆறுதலாக இருந்திருக்கவேண்டும்.

“லூசேர்ன் பொடியனுக்குச் சொல்லியாச்சோ?”

“இன்னும் இல்லை.”

அந்த ‘இன்னும்’ என் காதுக்குள் போய் அப்படியே இருந்துகொண்டது.

“அடுத்த சுற்றில இடது கையைச் சும்மா விடு,” என்றாள். “கீழ்ச் சுரமெல்லாம் நான் பியானோவில எடுக்கிறன். உன்ர இடது கை காத்தை மட்டும் பாக்கட்டும். ஆனா திறந்தும் வாசிக்கவேணும், மூடியும் வாசிக்கவேணும். கம்பி கட்டியாச்செண்டு அந்தப் பிடியைத் தொட்டியெண்டா, பிறகு என்னோட கதைக்காத.”

இடது கை காற்றுக்கு, வலது கை பாட்டுக்கு. மேடைக்குத் திரும்பி நடக்கும்போதே அதை வாய்க்குள் சொல்லிக்கொண்டு போனேன். இவ்வளவு காலமும் மறக்கப் பாடுபட்ட ஆர்மோனியக் கை அது, அதைத்தான் இப்போது வெளியே எடுக்கச் சொல்கிறார்கள். வாசித்தேன். தடக்கினேன். வாசித்தேன். கட்டைவிரல் பிடியை நோக்கிப் போகும், இழுத்துக்கொள்வேன். கடைசிப் பாட்டின் முடிவு வந்தது. அவளுடைய இடது கை கீழே நடந்தது, நான் மேலே ஒற்றைச் சுரங்களோடு மூடிக்கொண்டு வந்தேன். பாட்டு முடியுமுன் காற்று முடிந்துவிடுமோ என்ற பயத்தில் மெல்ல, இன்னும் மெல்லத் தள்ளினேன். சன்னமாகிச் சன்னமாகிக் கடைசி மடிப்பு மற்ற மடிப்போடு ஒட்டியது. தேநீர்க் கோப்பைகளுக்கு இடையில் கொஞ்சம் கைதட்டல். படம் பிடித்தவர் கைபேசியை எப்போதோ கீழே வைத்திருந்தார்.

பியானோக்காரி மூடியை இறக்கினாள். “டொக்டரிட்டப் போ. அவர் சொல்லுறதை என்னட்ட வந்து சொல்லு, நல்லதெண்டாலும் கூடாததெண்டாலும். அதுவரைக்கும் இப்பிடியே வாசிப்பம். லூசேர்னுக்கு நான் போன் எடுக்கமாட்டன்.”

“அதுக்குப் பிறகு?”

“அதுக்குப் பிறகு எனக்குத் தெரியாது,” என்றாள். அவள் பொய் சொல்லத் தெரியாதவள்.

அக்கா தூணடியிலேயே இருந்தாள். கிட்டப் போனதும் ரோல்ஸ் டப்பாவைத் திறந்து நீட்டினாள்.

“பிறகு வாசிச்சது கோயில்ல வாசிச்ச மாதிரிக் கிடந்தது.”

“ஓம்.”

“ஹெலி வரேக்க நீ காத்து மட்டும் அடிப்பாய், தெரியுமோ? நான் வாங்குக்குக் கீழ கிடந்து அந்த உஸ் உஸ்ஸைத்தான் கேட்டுக்கொண்டு கிடப்பன். அது கேக்கும் மட்டும் நீ இருக்கிறாய் எண்டு அர்த்தம். இண்டைக்கு நடுவில ஒருக்கா நிண்டிட்டுது. எனக்கு நெஞ்சு நிண்டு போச்சு.”

நான் ரோல் ஒன்றை எடுத்துக் கடித்தேன். வாயில் ஏதாவது இல்லாவிட்டால் அங்கேயே அழுதிருப்பேன்.

“எங்க, எந்த விரல்? மடங்கினதை இஞ்ச இருந்து பாத்தனான். காட்டு.”

காட்டினேன். அவள் அதை இல்லத்துக் கிழவர்களின் விரலைப் பார்ப்பதுபோல மடித்துப் பார்த்தாள், நிமிர்த்திப் பார்த்தாள், நகத்தை அமத்தி நிறம் திரும்புகிறதா என்று பார்த்தாள்.

“இப்ப சொன்ன சொல் கேக்குதே.”

“வாசிக்கேக்கதான் அக்கா.”

“கள்ளப் பிள்ளை,” என்று விரலைத் திட்டினாள். “நாளைக்கு உனக்கு லீவுதானே, கீழ என்னோட வாறாய். டெர்மினுக்கு நான்தான் கதைப்பன். நீ கதைச்சா வைகாசிக்குத் தள்ளிப்போடுவாய்.”

மறுநாள் காலை ரயிலுக்கு நிற்கும்போதே மேடையில் வைத்து மருத்துவரின் அலுவலகத்தை அழைத்தாள். நோயாளிகளுக்காகக் கதைத்துப் பழகிய அந்த உரத்த ஜெர்மன். பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அடுத்த திங்கள் என்று கிடைத்தது. இவ்வளவு கிட்டவா என்று நான் கேட்டேன். “கிட்ட எண்டாத்தான் பயம் கொஞ்ச நாள்,” என்றாள்.

ரயிலில் பெட்டி என் மடியில். அக்கா என் இடது கையை எடுத்துத் தன் இரண்டு கைகளுக்கும் நடுவில் வைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் தலை சாய்ந்து நித்திரையாகிவிட்டாள், பிடி மட்டும் தளரவில்லை. சுரங்கத்துக்குள் நுழைந்தோம். கண்ணாடியில் இரண்டு முகங்கள். பெட்டியின் தோலுக்கு மேல் என் வலது கை மூடும் பக்கத்துச் சுரங்களைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தது. சிலது இருந்த இடத்தில் இருந்தன, சிலதைக் காணவில்லை. அக்காவின் கைக்குள் மோதிர விரல் சூடாக, நேராகக் கிடந்தது. அது மடங்கவில்லை. சுரங்கம் முடியும்வரை அதையே பார்த்துக்கொண்டு வந்தேன்.